டாட்சன் 240இசட்: துருப்பிடித்த பெட்ரோல் டேங்க் பட்டைகளை மாற்றுவது எப்படி

டாட்சன் 240இசட் என்ற பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரின் பெட்ரோல் டேங்க் வண்டியின் பின்தளத்துக்கு அடியில் இரண்டு இரும்புப் பட்டைகளில் தொங்குகிறது. டேங்க் 60 லிட்டர் பிடிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய முக்கால் கிலோ. டேங்க் நிறைந்திருந்தால் பெட்ரோல் மட்டுமே 45 கிலோ அந்தப் பட்டைகளின் மேல் தொங்குகிறது, டேங்கின் எடை தனி.

இந்த வேலையைப் புதிதாகச் செய்பவர்களோடு பலமுறை கூட நின்றிருக்கிறேன். கையில் ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் படுத்து, முதலில் நட்டில் கை வைக்கிறார்கள். தடுமாற்றம் அங்கேயே ஆரம்பிக்கிறது. நட்டைக் கழற்றுவது இந்த வேலையில் பாதி தாண்டிய பிறகு வருவது. அதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் சரியான வரிசையில் செய்துவிட்டால், கழற்றிப் பூட்டுவது ஒரு மணி நேர வேலைதான்.

1. முதலில் பட்டையின் மறுபக்கத்தைப் பாருங்கள்

கீழே படுத்துப் பார்த்தால் பட்டையின் அடிப்பக்கம் மட்டும்தான் தெரியும். அது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். யாரோ ஒருமுறை கறுப்புப் பெயின்ட்கூட அடித்திருப்பார்கள். துரு பிடிப்பது மேல்பக்கத்தில், பட்டைக்கும் டேங்குக்கும் நடுவில் இருக்கும் ரப்பருக்கு அடியில். சக்கரம் வாரி அடிக்கும் சேறு அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. குளிர்நாடுகளில் பனி உருக சாலையில் கொட்டும் உப்பும் அதோடு சேர்கிறது. வெயில் படாத, காற்று போகாத இடம். ஒருமுறை நனைந்தால் வாரக்கணக்கில் ஈரம் காயாது.

நான் கடைசியாகப் பார்த்த வண்டியில் பட்டையின் அடிப்பக்கம் பளபளவென்று இருந்தது. ரப்பரின் ஓரத்தை ஸ்க்ரூ டிரைவரால் லேசாக நெம்பினேன். முதலில் ஈரமண் கொட்டியது. பின்னாலேயே பொரித்த அப்பளம் உடைவதுபோல ஒரு துருச்சில்லு உள்ளங்கையில் வந்து விழுந்தது. மூன்று விரல் அகலமிருந்த பட்டையில் ஒரு விரல் அகலத்துக்குத்தான் நல்ல இரும்பு மிச்சம் இருந்தது.

அதனால் மூன்று இடங்களைப் பாருங்கள்: ரப்பரின் இரண்டு ஓரங்கள், பட்டை வளையும் இடங்கள், போல்ட் பட்டையோடு சேரும் இடம். ஒரு பட்டை இப்படி இருந்தால் இரண்டையும் மாற்றுங்கள். இரண்டும் ஒரே சேற்றில் ஒரே காலம் கிடந்தவை. புதுப் பட்டையும் பழைய பட்டையும் சேர்ந்து தாங்கும்போது பழையது இன்னும் கொஞ்சம் நீளும், பாரம் ஒரு பக்கமாக விழும்.

2. வேலை தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பொருள் எல்லாம் வந்து சேரும் முன் எதையும் கழற்றாதீர்கள். டேங்க் பாதி தொங்கிக்கொண்டு, வண்டி ஸ்டாண்டில் நிற்க, பார்சலுக்காகக் காத்திருக்கும் நிலை வரவே கூடாது.

பட்டைகள்: இந்த வண்டிக்கென்றே செய்து விற்கும் ஜோடியை வாங்குவது நல்லது. வந்ததும் புது நட்டைப் புது போல்ட்டில் விரலாலேயே முழுக்க ஓட்டிப் பாருங்கள். ஒருமுறை எனக்கு வந்த பட்டையில் போல்ட்டின் மரையும் கூட வந்த நட்டின் மரையும் பொருந்தவில்லை. மேசையிலேயே ஓட்டிப் பார்த்ததால் தப்பித்தேன். துளை துளையாக இருக்கும் தகரப் பட்டை, குழாய் கிளாம்ப் போன்றவற்றை வைத்துச் சமாளிக்க நினைக்காதீர்கள். அவை டேங்கின் எடைக்கும் அதிர்வுக்கும் செய்யப்பட்டவை அல்ல.

ரப்பர்: இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கதவு ஓரத்துக்கு வரும் இபிடிஎம் ரப்பர் மழையையும் வெயிலையும் நன்றாகத் தாங்கும். பெட்ரோல் பட்டால் ஊதிப்போய் இளகிவிடும். அதனால் பெட்ரோலைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் பட்டை வாங்குங்கள். கம்பளித்துணி, ஸ்பாஞ்ச் இரண்டும் வேண்டாம். அவை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு பழைய கதையையே திரும்பத் தொடங்கிவிடும்.

ஹோஸ்கள்: டேங்கை இறக்கும்போது பழைய ஹோஸ்கள் வெடிப்பது கிட்டத்தட்ட நிச்சயம். புது ஹோஸ் வாங்கும்போது அதன் மேல் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இந்த ரகம் தாங்கும். உள்விட்டத்தைப் பழையதை அளந்து வாங்குங்கள். கிளாம்ப்களையும் புதிதாகவே போடுங்கள்.

மற்றவை: ஒரு ஃப்ளோர் ஜாக்கி, டேங்கைத் தாங்க இன்னொரு ஜாக்கி, ஜாக் ஸ்டாண்டுகள், 18 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டு, ஆறு முனை சாக்கெட், துரு இளக்கும் எண்ணெய், வயர் பிரஷ், ஆக்ஸா பிளேடு, பெட்ரோலுக்கென்றே செய்த மூடியுள்ள கேன்கள், எல்இடி விளக்கு, பெட்ரோல் தீயை அணைக்கக்கூடிய பவுடர் அல்லது நுரை தீயணைப்பான். தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், கராஜின் மறுகோடியில் அல்ல.

3. மூன்று நாள் முன்பே எண்ணெய் விடுங்கள்

பட்டை போல்ட்டுகளில் வெளியே தெரியும் மரையை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணை எடுத்துவிட்டு எண்ணெய் விடுங்கள். மண்ணின் மேலேயே விட்டால் எண்ணெயை மண் குடித்துவிடும், நட்டுக்குள் போகாது. காலையும் மாலையும் ஒருமுறை, மூன்று நாள். அசிட்டோன் கலந்து தயாரிக்கும் வீட்டுக் கலவை துருவை நன்றாக இளக்கும் என்பது உண்மைதான். ஆனால் பெட்ரோல் டேங்குக்கு அடியில் அதைக் கொண்டுபோகாதீர்கள். அசிட்டோனும் எளிதில் தீப்பிடிக்கும்.

இந்த மூன்று நாளில் வண்டியை ஓட்டி டேங்கைக் கால் பங்குக்குக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். எடுக்க வேண்டிய பெட்ரோல் குறையக் குறைய ஆபத்தும் குறைகிறது. பட்டை ஏற்கெனவே அறுபடும் நிலையில் இருந்தால் மட்டும் வண்டியை நகர்த்தாதீர்கள்.

4. இடமும் பேட்டரியும்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் குழி வெட்டிய சர்வீஸ் இடத்தில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். திறந்த வெளி சிறந்தது. கராஜ் என்றால் கதவை முழுக்கத் திறந்து வையுங்கள். எரிவாயு வெந்நீர்க் கொதிகலன் அங்கே இருந்தால் அதன் சுடரை அணைத்துவிடுங்கள், ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பழைய இழை பல்பு விளக்கு வேண்டாம். அதன் மேல் நாலு சொட்டு பெட்ரோல் விழுந்து பல்பு உடைந்தால் போதும்.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். டேங்கில் உள்ள அளவு காட்டும் சென்சாரின் வயர்களைப் பிறகு தொடப்போகிறோம், அப்போது அதில் மின்சாரம் இருக்கக் கூடாது. சைலன்சர் டேங்குக்குப் பக்கத்திலேயே போகிறது. வண்டி ஓடி வந்திருந்தால் அது கையால் தொடும் அளவுக்கு ஆறட்டும்.

5. வண்டியைத் தூக்குதல்

முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கியதும் அது எதையும் நிறுத்தாது.

டிஃபரென்ஷியலுக்கு (பின்சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டுகளைப் பாடியின் உறுதியான தூக்கும் இடங்களில் கொடுங்கள். கொடுக்கும் முன் அந்த இடத்தை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். துருத்துப்போன இடம் அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல மந்தமாகக் கேட்கும். பட்டை துருத்த வண்டியில் பாடியும் துருத்திருக்க வாய்ப்பு அதிகம், இதைத் தவறவிடாதீர்கள். ஸ்டாண்டில் இறக்கியபின் வண்டியைப் பக்கவாட்டில் நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் இப்போதே ஆடட்டும்.

6. பெட்ரோலை எடுத்தல்

டேங்கின் அடியில் வடிகால் திருகு இருக்கிறது. முதலில் மேலே மூடியைத் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் விட்டுவிட்டு வரும், தெறிக்கும். கேனைத் தரையில் வைத்தே நிரப்புங்கள். கையில் தூக்கிப் பிடித்தாலோ பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வைத்தாலோ நிலைமின்சாரம் சேரும். வாயால் உறிஞ்சாதீர்கள். சாதாரண மின்பம்பையோ வாக்குவம் கிளீனரையோ பக்கத்தில்கூடக் கொண்டுவராதீர்கள்.

வடிகால் திருகின் தலை மழுங்கியிருந்தால் அதோடு மல்லுக்கட்டி வெல்ட் செய்த இடத்தைக் கிழித்துவிடாமல், பெட்ரோல் ஊற்றும் வாய் வழியாகக் கைப்பம்பு போட்டு எடுங்கள். நிரம்பிய கேன்களை மூடி, வேலை நடக்கும் இடத்தைவிட்டு அப்பால் கொண்டுபோய் வையுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். டேங்க் காலியாகிவிட்டது, இனி பயமில்லை என்று நினைப்பது தவறு. திரவம் எரிவதில்லை, ஆவிதான் எரிகிறது. காற்றில் பெட்ரோல் ஆவி ஏறக்குறைய 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை இருக்கும்போது அது தீப்பற்றும். நிறைந்த டேங்கில் மேலே கொஞ்சம் இடம்தான் இருக்கும், அதில் ஆவி அடர்த்தியாக நிற்கும். காலி டேங்கிலோ இடம் முழுக்க ஆவியும் காற்றும் கலந்து நிற்கிறது. இனிதான் கூடுதல் கவனம் தேவை.

7. டேங்குக்குத் தாங்கு கொடுத்தல்

வடிகால் திருகைப் புது வாஷரோடு திரும்பப் பூட்டுங்கள். பிறகு பிளைவுட்டை டேங்கின் அடியில் வைத்து, ஜாக்கியை மெதுவாக ஏற்றி, பலகை டேங்கைத் தொட்டதும் அதற்கு மேல் அரை இழுப்பு மட்டும் கொடுங்கள். டேங்கின் எடையைப் பலகை வாங்கிக்கொண்டால் போதும், மேலே தள்ளக் கூடாது.

பலகை இல்லாமல் ஜாக்கியின் தலையை நேரடியாக டேங்கில் வைத்த ஒருவரின் டேங்கில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் குழி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். குழி உள்ளே இருக்கும் மிதவையின் வழியில் விழுந்தால் பெட்ரோல் அளவும் தப்பாகக் காட்டும்.

இந்தத் தாங்கு வந்த பிறகுதான் நட்டில் கை வைக்கலாம்.

8. அளந்து, படம் எடுத்து, பிறகு கழற்றுதல்

ஒவ்வொரு போல்ட்டிலும் நட்டுக்கு வெளியே எவ்வளவு மரை தெரிகிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பூட்டும்போது எவ்வளவு இறுக்குவது என்பதற்கு முதல் துப்பு இதுதான். பட்டைகளில் வலது, இடது என்று சாக்பீஸால் எழுதி, எந்த முனை முன்பக்கம் என்று அம்புக்குறி போடுங்கள். ஹோஸ்கள், வயர்கள் ஒவ்வொன்றையும் படம் எடுங்கள்.

இப்போது நட்டு. முதலில் இறுக்கும் பக்கம் ஒரு சிறு திருப்பு, பிறகு தளர்த்தும் பக்கம். துருவின் பிடி முதல் அசைவில்தான் விடும், அது எந்தப் பக்கமாக இருந்தாலும் சரி. கால் சுற்று தளர்த்தி, எண்ணெய் விட்டு, கொஞ்சம் திரும்ப இறுக்கி, மறுபடி தளர்த்துங்கள். ஒரே மூச்சில் சுழற்றினால் துருத்தூள் மரையில் சேர்ந்து சிக்கி போல்ட் முறுக்கி உடையும்.

வரவே இல்லையென்றால் ஆக்ஸா பிளேடில் எண்ணெய் விட்டுக் கையால் மெதுவாக அறுங்கள். பட்டையும் போல்ட்டும் எப்படியும் தூக்கி எறியப்போகிறவை. கிரைண்டர் கூடவே கூடாது. நெருப்புக் காட்டிச் சூடேற்றுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இரண்டு பட்டைகளையும் ஒரே நேரத்தில் விடாதீர்கள். ஒன்று முழுக்கக் கழன்று, டேங்க் பலகையில் அசையாமல் உட்கார்ந்திருப்பதைக் கையால் ஆட்டி உறுதிசெய்த பிறகு அடுத்தது. நான் பக்கத்தில் இருந்தும் ஒரு தம்பி அவசரப்பட்டு இரண்டையும் ஒருசேர அறுத்துவிட்டார். டேங்க் ஒரு பக்கம் சாய்ந்து, பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து வரும் தடித்த ஹோஸ் கிழிந்தது. அன்று டேங்க் காலியாக இருந்தது, அதனால் ஹோஸோடு போயிற்று.

9. டேங்கை இறக்க வேண்டுமா?

தாங்கு கொடுத்துவிட்டு, ஒரு பட்டையைக் கழற்றிப் புதிதை மாட்டி, பிறகு அடுத்ததை மாற்றினால் டேங்கை இறக்காமலே வேலையை முடித்துவிடலாம். ஹோஸ்களைத் தொட வேண்டியதில்லை. பலர் அப்படிச் செய்கிறார்கள். ஹோஸ்களும் டேங்கின் மேல்பக்கமும் அண்மையில் பார்க்கப்பட்டிருந்தால் அது போதும்.

இல்லையென்றால் இறக்குங்கள் என்பதே என் கருத்து. இந்த டேங்கின் மேலே ஆவி போகும் ஹோஸ்கள் பல இருக்கின்றன. அவை பின்பக்கம் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஆவித் தொட்டிக்குப் போகின்றன. இந்த வண்டிக்குள் பெட்ரோல் வாசம் வருகிறது என்று சொல்பவர்கள் பின்கதவு ரப்பரை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். காரணம் பல நேரம் இந்த வெடித்த ஹோஸ்கள்தான். இவற்றைப் பார்க்க இதைவிட்டால் வேறு வாய்ப்பு வராது.

இறக்கும் வரிசை இது: பெட்ரோல் ஊற்றும் ஹோஸ், பெட்ரோல் போகும் மற்றும் திரும்பும் ஹோஸ்கள், சென்சார் வயர்கள். பிறகு ஜாக்கியை நாலு விரல்கடை இறக்கி நிறுத்துங்கள். அந்த இடைவெளியில் கையை விட்டு மேலே உள்ள ஆவி ஹோஸ்களைக் கழற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் நிறம் நிறமாக டேப் சுற்றுங்கள். இந்தப் படியை மறந்து நேராக இறக்கினால் டேங்கின் மெல்லிய குழாய் முனைகள் வளைந்துவிடும். பிறகு முழுதாக இறக்கலாம். கூட ஒரு ஆள் இருந்து பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளட்டும்.

10. டேங்கையும் தாங்கிகளையும் சோதித்தல்

பட்டை படிந்திருந்த இரண்டு தடங்களிலும் டேங்கின் தகரத்தைப் பாருங்கள். பட்டையைத் தின்ற அதே ஈரம் தகரத்தையும் தொட்டிருக்கும். கைப் பிரஷ்ஷால் மட்டும் தேய்த்து, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். தகரம் எங்காவது உள்ளே போனால், அல்லது ஊசிமுனை அளவில் ஈரக்கசிவு தெரிந்தால், அங்கேயே நிறுத்துங்கள். டேங்க் பழுதுபார்க்கத் தெரிந்த கடைக்குக் கொடுங்கள். வீட்டில் பற்றவைக்க முயலாதீர்கள், தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தாலும் சரி.

தகரம் திடமாக இருந்தால் துருவை மாற்றும் திரவம் பூசி, காய்ந்ததும் எபாக்சி ப்ரைமர், அதன் மேல் பெயின்ட். அவசரப்படாமல் முழுக்கக் காய விடுங்கள். ஈரப் பெயின்ட்டின் மேல் ரப்பர் ஒட்டினால் இரண்டும் சேர்ந்து உரிந்து வரும்.

பாடியில் பட்டை மாட்டும் தாங்கிகளையும் இதே கவனத்தோடு பாருங்கள். புதுப் பட்டையைத் துருத்த தாங்கியில் தொங்கவிட்டால் என்ன பயன்? தாங்கியை வெல்ட் செய்ய வேண்டியிருந்தால் டேங்க் கராஜைவிட்டே வெளியே போக வேண்டும், பெட்ரோல் ஹோஸ்களும் கேன்களும் கூடவே.

11. புதுப் பட்டையைத் தயார்செய்தல்

புதிதாக வந்த பட்டையின் ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். வெட்டிய ஓரம் கூராக இருந்தால் அரத்தால் மழுக்குங்கள். அது ரப்பரை அறுத்து, பிறகு டேங்கின் பெயின்ட்டை அறுக்கும். அராவிய இடத்தில் ப்ரைமர் தொட்டு, டேங்கைப் பார்க்கும் பக்கத்துக்குக் கூடுதலாக ஒரு பூச்சு கொடுங்கள்.

ரப்பரைப் பட்டையைவிட இரண்டு பக்கமும் 3 மில்லிமீட்டர் அகலமாக வெட்டி ஒட்டுங்கள். வளையும் இடத்தில் மடிப்பு விழக் கூடாது. மடிப்பு விழுந்த இடமே அடுத்த சேறு தங்கும் இடம். ஸ்டெயின்லெஸ் போல்ட், நட்டு என்றால் மரையில் சிக்காமலிருக்கும் பசையை அவசியம் தடவுங்கள். ஸ்டெயின்லெஸ் மரை காய்ந்த நிலையில் இறுக்கும்போதே ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அப்புறம் முன்னாலும் வராது, பின்னாலும் வராது.

12. பூட்டுதல்

இறக்கிய வரிசைக்குத் தலைகீழ். டேங்க் நாலு விரல்கடை கீழே நிற்கும்போதே ஆவி ஹோஸ்களை மாட்டுங்கள். மேலே ஏற்றும்போது எந்த ஹோஸும் டேங்குக்கும் தளத்துக்கும் நடுவில் நசுங்காமல் கையால் வழிகாட்டுங்கள். ஆவி ஹோஸ் நசுங்கினால் டேங்குக்குள் காற்று போகாது. வண்டி கொஞ்ச தூரம் ஓடியபின் பெட்ரோல் கிடைக்காமல் திணறி நிற்கும். அப்போது பம்பையும் கார்புரேட்டரையும் பிரித்துப் போட்டுத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பட்டைகளை மாட்டும் முனையில் மாட்டி, மறுமுனையில் நட்டை விரலால் ஓட்டுங்கள். பிறகு இந்தப் பட்டையில் இரண்டு சுற்று, அந்தப் பட்டையில் இரண்டு சுற்று என்று மாறி மாறி இறுக்குங்கள். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் டேங்க் கோணலாக உட்காரும்.

எவ்வளவு இறுக்குவது? வண்டியின் சர்வீஸ் புத்தகம் கையில் இருந்தால் அதில் உள்ள அளவு. அதோடு, நீங்கள் எழுதி வைத்த மரை அளவை ஒப்பிடுங்கள், புது ரப்பர் தடிமனாக இருந்தால் கொஞ்சம் முன்னே பின்னே வரும். டேங்கை உள்ளங்கையால் தள்ளினால் அசையக் கூடாது. ரப்பர் பக்கவாட்டில் பிதுங்கத் தொடங்கினால் அது அதிகம். அதிகம் இறுக்கினால் டேங்கின் தகரம் குழிந்து, தையல் ஓரத்தில் வெடிப்பு விடும்.

இரண்டும் இறுகிய பிறகே ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். டேங்க் கூடவே கீழே வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இறக்குங்கள். கடைசியில் ஊற்றும் ஹோஸ், மற்ற ஹோஸ்கள், வயர்கள்.

13. சோதனை

பேட்டரியை இன்னும் தொடாதீர்கள். 5 லிட்டர் மட்டும் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளைத் தாளை ஒற்றிப் பாருங்கள். மூக்கை நம்ப வேண்டாம், இந்நேரத்துக்குக் கைகள், துணி எல்லாமே பெட்ரோல் வாசம்தான் அடிக்கும். தாள் ஈரமில்லாமல் வந்தால் பேட்டரியை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். அடுத்து அரை டேங்க், மறுபடி தாள். பிறகுதான் முழு டேங்க். முதலிலேயே 60 லிட்டரையும் ஊற்றிவிட்டால், கசிவு தெரிந்ததும் அத்தனையையும் திரும்ப எடுக்க வேண்டும்.

எடுத்து வைத்த பெட்ரோலில் துருத்தூளோ தண்ணீரோ தெரியாவிட்டால் வடிகட்டி ஊற்றலாம். கலங்கலாக இருந்தால் சாக்கடையில் கொட்டாமல் அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

புது ரப்பர் பாரத்தில் கொஞ்சம் அமுங்கும், அதனால் முதல் வாரம் கழித்து இரண்டு நட்டுகளையும் மறுபடி சரிபாருங்கள். அதன் பிறகு ஒவ்வொரு குளிர்காலம் முடிந்ததும் பட்டை ஓரங்களில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, ஸ்க்ரூ டிரைவரால் ரப்பரின் ஓரத்தை லேசாகத் தூக்கி, டார்ச் அடித்து மேல்பக்கத்தைப் பாருங்கள்.